மரிஷா கும்பிடும் திசை

1

“உயிரோட இருக்கிற ஆளா, இறந்த ஆளா?”

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஓக்லண்டின் விரிப் பகுதியில் ஒரு களஞ்சியக் கட்டடத்துக்குள், வெதுப்பகத்தில் மிஞ்சிய பணிஸ் நிறைந்த தட்டை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி ஒரு கம்போடியப் பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டது என் அண்ணாவைப் பற்றி. அண்ணாவை அவர் கண்டதில்லை, பெயரும் தெரியாது. என் மகளின் புயத்தில் கட்டியிருந்த ஒரு துண்டுத் துணியைக் காட்டித்தான் கேட்டார்.

எனக்கு இது புதிய கேள்வியல்ல. கொழும்பிலிருந்து வருகிற படிவத்தில் இதற்கென்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் அடையாளமிட்டால் மரணச் சான்றிதழ். மற்றதில் இட்டால், ஆள் இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ். மன்னாரில் அம்மா இரண்டையும் வெறுமையாக விட்டு, “நீ படிச்சனி பிள்ளை, நீ பார்த்து நிரப்பு” என்று அதன் படத்தை எனக்கு அனுப்பிவிட்டார். அது என் தொலைபேசியிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு புதுத் தொலைபேசிக்கும் அதை மாற்றிக்கொண்டு வருகிறேன்.

படிவம் காத்திருக்கும். இந்தப் பெண் காத்திருக்க மாட்டார். “அடுத்த சனி பிள்ளை சண்டைக்கு மேடை ஏறுறாள். அதுக்கு முதல் சொல்லு” என்றார்.

2

நாங்கள் அதே நகரத்தில், லின்ஃபீல்டில் இருக்கிறோம். என் கணவர் அன்ரனுக்கு விரியில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. நான் நில அளவையாளர்களின் அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறேன். இலங்கையிலிருந்து வந்து பதினொரு வருடங்கள். மகள் மரிஷாவுக்குப் பத்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பாடு, குளிப்பு, பாடசாலை என்ற அளவில் அது ஓடுகிறது. அதற்கு மேலே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவரும் பேசாமல் இருந்துவிடுவோம்.

அன்ரனைக் கூட்டிவரக் காரில் காத்திருந்த ஒரு சனிக்கிழமைதான் அவள் அந்த இசையைக் கேட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் உருட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாதஸ்வரத்துக்குத் தம்பி போல ஒரு குழல் அழுதது. கூடவே மேளமும் சிறிய தாளமும். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பின்னிருக்கை வெறுமையாக இருந்தது.

உள்ளே ஓடிப் பார்த்தால், பத்துப் பிள்ளைகள் தடித்த மெத்தைகளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மரிஷா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் நின்றாள். கடைச் சிப்பந்தியிடம் சொக்லட் கேட்கக்கூட என்னை முன்னால் அனுப்புகிற பிள்ளை.

சேர்ப்பதற்கு எட்டுப் பக்கப் படிவம். ஆஸ்துமா உண்டா, மயக்கம் உண்டா, பெற்றோர் அல்லாத நெருங்கிய உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் என்ன. கடைசிக் கேள்வியில் நெடுநேரம் நின்றேன். இந்த நாட்டில் எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. மதிலுக்கு அப்பால் இருக்கிற குஜராத்தி மாமியின் பெயரைப் போட்டு, உறவுமுறை என்ற இடத்தில் ‘மாமி’ என்றே எழுதினேன். பொய் எழுதிவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

3

அந்தப் பெண்ணின் பெயர் சொபீப். பிள்ளைகள் ‘க்ரூ’ என்று கூப்பிடுவார்கள். நம்முடைய குருதான். கிழமை நாட்களில் வெதுப்பகம் நடத்துகிறார். கையில் எப்போதும் மாவின் மணம். அவருடைய ஆங்கிலத்தை நான் என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

சொல்லிக்கொடுப்பது ‘குன் கெமர்’, கம்போடியர்களின் குத்துச்சண்டை. முட்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் எல்லாவற்றாலும் அடிக்கலாம். நான் தாய்லாந்துச் சண்டை என்று நினைத்து, “இதுவும் முவே தாய் தானே?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“உன்னை ஆராவது சிங்களமா எண்டு கேட்டால் என்ன செய்வாய்?” என்றார் சொபீப்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “பயப்படாதே. நான் பிறந்தது தாய்லாந்து எல்லையில, அகதி முகாமில. அப்பா பழைய சண்டைக்காரர். அவர் எனக்குச் சொல்லித் தந்ததை கெமர் எண்டார். வேலிக்கு அங்கால காவல் நிண்ட பொடியள் அதே உதையை முவே தாய் எண்டினம். எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் விழுந்தது. நோவு ஒண்டுதான்.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அங்கோர் காலத்துக் கோயில் சுவர்களில் முழங்காலை உயர்த்திச் சண்டையிடும் உருவங்கள் இருக்கின்றன. அதனால் எல்லாம் எங்களிடமிருந்தே போனது என்கிறார்கள் கம்போடியர்கள். தாய்லாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. லாவோசில் இன்னொரு தங்கை. பர்மாவில் இன்னொன்று, அங்கே வெறுங்கையால் குத்தலாம், தலையாலும் முட்டலாம். பெயருக்காக அயலவர்கள் இணையத்தில் நாள் முழுக்க அடிபடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ‘சீனடி’ என்று ஒரு சண்டைக் கலை இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் அடுத்தவனிடமிருந்து வந்ததை மறுக்க, நாங்கள் மட்டும் பெயரிலேயே சீனனுக்குக் கொடுத்துவிட்டோம். என் எட்வின் அண்ணா அதை ஒரு வருடம் பழகினார். இதை மரிஷாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால், எட்வின் அண்ணா யார் என்று கேட்பாள். சொல்லவில்லை.

4

சண்டைக்கு முன்னால் ஒரு வணக்கம் இருக்கிறது. குழலும் மேளமும் மெதுவாகத் தொடங்க, முழந்தாளிட்டு, நெற்றி தரையில் படும்வரை மூன்று முறை குனிய வேண்டும். இது வேறு தெய்வத்தைக் கும்பிடுவதாகுமோ என்று எனக்குக் கவலை. எங்கள் தேவாலயத்தில் பூசைக்குப் பிறகு சுவாமியிடமே கேட்டேன். “ஆசிரியருக்கு மரியாதை செய்யிறதுக்கு ஆண்டவர் கோவிக்கமாட்டார் பிள்ளை” என்றார். ஆனாலும் நான் அவரிடம் முதல் கும்பிட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

முதலாவது ஆசிரியருக்கு. இரண்டாவது பெற்றோருக்கு. மூன்றாவது, புயத்தில் கட்டியிருக்கிற துணியைத் தந்தவருக்கு. அவர் எங்கே இருக்கிறாரோ அந்தத் திசை பார்த்து. “இது எங்கட வீட்டு வழக்கம். மற்ற கம்போடியரிட்ட கேட்டு எனக்கு அவமானம் தேடித் தராதே” என்றார் சொபீப். துணி தாயினுடையதாக இருக்க வேண்டும். உடம்பில் உடுத்திப் பழசானதாக இருக்க வேண்டும்.

என்னிடம் பழந்துணி இல்லை. இரண்டு பெட்டிகளோடு வந்தவர்களிடம் பழந்துணி எப்படி இருக்கும்? இங்கே வாங்கியது எல்லாம் ஒரு வருடத்தில் வெளுத்து, தொண்டுப் பெட்டிக்குப் போய்விடும். வீட்டில் இருந்த ஒரே பழந்துணி, ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற ஒரு நீலக் கட்டம் போட்ட சாரம். நான் விமானம் ஏறியபோது அம்மா மாதா சுரூபத்தை அதில் சுற்றித் தந்தார். அது அண்ணாவின் சாரம். ஆனால் இடம்பெயர்ந்த நாட்களில் நானும் அதைக் குறுக்குக் கட்டிக் குளித்திருக்கிறேன். என் உடம்பிலும் பட்டதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லி, விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தேன்.

“உங்கட துணியா அம்மா?” என்று மரிஷா ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

5

முதலில் நான் கவனித்தது ஈரம். வகுப்பு முடிந்து வந்ததும் துணியைக் கழுவிக் கதிரையில் போடுவேன். மூன்று நாள் போனாலும் காயாது. “ஓக்லண்ட் குளிரில என்ன காயுது? என்ர காலுறையும்தான் காயேல்லை. அதையும் பேயெண்டு சொல்லுவாய் போல” என்றார் அன்ரன். அது உண்மை. எங்கள் வீட்டுச் சுவரே வேர்க்கும். ஆனால் பக்கத்தில் போட்டிருந்த துவாய் காய்ந்திருந்தது.

பிறகு அந்தக் கும்பிடு.

நான் எப்போதும் மேடையின் இடப்பக்கம், மெத்தைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நிற்பேன். துணி அம்மாவுடையது என்று நம்புகிற பிள்ளை மூன்றாவது முறை என் பக்கம் திரும்ப வேண்டும். மரிஷா திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, உருட்டுக் கதவின் பக்கம் பார்த்துக் குனிந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அதே பக்கம். வீட்டில் விறாந்தையில் பழகும்போது பார்த்தேன். நான் சமையலறையில் நின்றால் என்ன, படியில் நின்றால் என்ன, தெற்குச் சன்னல் பக்கம்தான்.

“ஏன் பிள்ளை அங்கால பார்த்துக் கும்பிடுறாய்? அம்மா இஞ்ச நிக்கிறன்.”

அவள் புயத்தைத் தடவினாள். “இட் புல்ஸ், அம்மா” என்றாள். இழுக்கிறதாம்.

“நோகுதா?”

“இல்லை. சும்மா. மற்றப் பக்க நுனியை ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரி.”

இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் கையில் இருந்த கோப்பையைக் கவனமாக மேசையில் வைத்தேன்.

6

எங்கள் ஊரில் பலருக்கு, கடந்துவந்த ஒரு தண்ணீர் இருக்கும். இங்கே நான் அதைக் கதைப்பதில்லை.

போரின் இறுதி மாதங்களில் நாங்கள் கடல்நீரேரியைக் கடந்தபோது எனக்குப் பதினேழு வயது. இடுப்பளவு தண்ணீர், சில இடங்களில் கழுத்தளவு. ஒருவரையொருவர் தவற விடாமல் இருக்க அண்ணா தன் சாரத்தை அவிழ்த்து, தையலைப் பிரித்து நீளமாக்கினார். உள்ளே அரைக் காற்சட்டை போட்டிருந்தார். முன் நுனி அம்மாவிடம், நடுவில் நான், கடைசி நுனி அண்ணாவிடம். “நான் இழுத்துப் பிடிச்சிருக்கிற வரைக்கும் பயப்படாதேங்கோ. திரும்பிப் பார்க்காமல் நடவுங்கோ” என்றார். நாங்கள் சொல்வழி கேட்கிற ஆட்கள். திரும்பிப் பார்க்கவில்லை. துணி பின்னால் இறுக்கமாகவே இருந்தது. கரையில் கால் வைக்கும்வரை இறுக்கமாக இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஏறித் திரும்பியபோது மற்ற நுனி தண்ணீரில் கிடந்தது.

எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது. விட்டாரா என்றும் தெரியாது. அதனால்தான் எந்தக் கட்டத்திலும் என்னால் அடையாளமிட முடியவில்லை.

7

என் தொழிலில், எட்டாத ஓர் இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் நின்று திசை எடுத்தால் போதும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே அந்த இடம். மூன்றாவது கோடு சரிபார்ப்பதற்கு.

இதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தும் செய்தேன். விரியில் அவள் குனிந்த திசையைத் தொலைபேசித் திசைகாட்டியில் குறித்தேன். லின்ஃபீல்டில் வீட்டில் குறித்தேன். இங்கே திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஏறக்குறைய இருபது பாகை வித்தியாசம். அதையும் திருத்தினேன். ஒரு ஞாயிறு பின்னேரம், “அம்மம்மாவுக்கு வீடியோ அனுப்புவம்” என்று மரிஷாவை பிளாக்ஹவுஸ் பே கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வற்றுநேரம். தண்ணீர் தூரத்துக்குப் போய், சாம்பல் நிறச் சேறு மட்டும் பளபளத்தது. அவள் துணியைக் கட்டிக்கொண்டு ஈர மணலில் முழந்தாளிட்டாள். மூன்றாவது முறை நேராகச் சேற்றைப் பார்த்துக் குனிந்தாள். நாயோடு வந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் போனபிறகு மூன்று கோடுகளையும் வரைந்தேன். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் ஒருபோதும் வெட்டுவதில்லை. நடுவில் ஒரு சிறிய முக்கோணம் மிஞ்சும். பிழையின் அளவு அது. இதிலும் மிஞ்சியது. ஆனால் அனுபவமுள்ள அளவையாளரின் முக்கோணத்தைவிடச் சிறியது. அது மன்னார் இருக்கும் பக்கம் இல்லை. இலங்கை இருக்கும் பக்கமே இல்லை. அந்தக் கடற்கரைக்கு எதிரே, மானுகாவ் குடாவின் நடுவில், வற்றும்போது இடுப்பளவும் பெருகும்போது ஆளை மூடும் அளவும் தண்ணீர் நிற்கிற ஓர் இடம்.

வரைபடத்தை அன்ரனுக்குக் காட்டினேன். அவர் மூன்று கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“விரியில கதவு திறந்து கிடக்கு. வீட்டில அந்தப் பக்கம் சன்னல். கடற்கரையில கடல். பிள்ளை வெளிச்சமான பக்கத்தைப் பார்க்குது. இதுக்கு ஒரு பிளானே, டிலானி?”

அவர் சொன்னது சரி. நானே அதை யோசித்திருந்தேன். ஆனாலும் அன்று முழுக்க, அண்ணா எப்படி இவ்வளவு தூரம் வந்திருப்பார் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. நான் பதினொரு வருடங்களாக அவரைத் தேடவே இல்லை. அவர் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தால்?

8

சொபீப்பும் அந்தத் திசையைக் கவனித்திருந்தார். முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, “துணி ஆருடையது?” என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உயிரோட இருக்கிறவர் எண்டால் கட்டலாம். எங்க இருந்தாலும் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பார். இறந்தவர் எண்டால் கழட்ட வேணும். இறந்தவைக்குக் கையை விடத் தெரியாது.”

“தெரியாட்டி?”

“தெரியாட்டி பிள்ளை மேடை ஏறாது. என்ர அப்பாவுக்கு ஆறு சகோதரங்கள், யுத்தத்தில துலைஞ்சு போச்சினம். ஒருத்தரையும் கண்டுபிடிக்கேல்லை. ஒரு நாள் அவரே உக்காந்து, இவர் இவர் இறந்திட்டினம் எண்டு ஒவ்வொருத்தராச் சொன்னவர். ஆரும் வந்து அவருக்குச் சொல்லேல்லை.” ஒரு பணிஸை என் கையில் வைத்தார். “தின்னு. மெலிஞ்சு போனாய்.”

ஒரு கிழமை இருந்தது. மரிஷா பாடசாலைப் பையிலும் அந்தத் துணியை வைத்திருந்தாள். கழற்றினால் அழுவாள். கட்டினால் அவளை எது பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும். அம்மாவுக்கும் அதுவே பிடிக்கும். அண்ணா இறந்தார் என்று நான் சொல்லி, அவர் எங்கேயாவது இருந்தால், கொன்றது நான்.

போட்டி நடந்த அடுத்த சனிக்கிழமை அடைமழை. உருட்டுக் கதவை முழுவதும் இறக்கிவிட்டிருந்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமும் இல்லை, கூரையில் குழல்விளக்குகள் மட்டும். அன்ரனும் வேலை முடிந்து வந்து நின்றார். மரிஷாவோடு மோதப் போகிற பிள்ளை, தொங்கா தீவுக் குடும்பத்துப் பெண், தலைக்கவசத்துக்குள்ளால் சிரித்துக்கொண்டு நின்றாள். மரிஷா துணியைக் கட்டிக்கொண்டு மேடைப் படியில் இருந்தாள். துணியின் கீழே தோலில் மெல்லிய சிவப்புக் கோடு. முடிச்சு தளர்வாகத்தான் இருந்தது. நான் விரல் விட்டுப் பார்த்தேன்.

சொபீப் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

“இறந்திட்டார்” என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் அவருக்கு விளங்கியது. முடிச்சை அவிழ்த்துத் துணியை என் கையில் தந்தார். ஈரமாக இருந்தது. பிறகு கைக்குச் சுற்றும் பட்டியை வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, நான் போட்டிருந்த பருத்திச் சட்டையின் விளிம்பில், என்னிடம் கேட்காமலே ஒரு துண்டை வெட்டி, மரிஷாவின் புயத்தில் கட்டினார்.

மரிஷா என் முகத்தையே பார்த்தாள். “ஆர் இறந்தது?” என்றாள்.

“மாமா. என்ர அண்ணா.”

“எப்ப?”

“இப்பத்தான்” என்றேன்.

அவள் ஒருமுறை தலையை ஆட்டினாள். சொபீப் தொலைபேசியில் இசையைப் போட்டார். குழல் அழத் தொடங்கியது. மரிஷா கயிற்றுக்குள் நுழைந்தாள்.

தோற்றுப்போனாள். கொஞ்சம்தான், புள்ளிக் கணக்கில். இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்து, பணிஸ் தின்றார்கள். காரில் ஏறியதும் அன்ரன் வைப்பரைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை மூண்டாம் தரம் உன்னைப் பார்த்து எவ்வளவு வடிவாக் கும்பிட்டவள் தெரியுமே? நீ ஏனப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கதவடியில நிண்டனி?”

அவள் என் பக்கம் திரும்பியதை நான் காணவில்லை. இசை தொடங்கியது நினைவிருக்கிறது. மணி அடித்தது நினைவிருக்கிறது.

“விடுங்கோ அப்பா” என்றாள் மரிஷா பின்னாலிருந்து, ஆங்கிலத்தில். “அம்மாவும் என்னோட சேர்ந்து கும்பிட்டவ.”

அன்ரன் சிரித்தார். நான் கும்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குளிராக இருந்ததால் கையை மடியில் வைத்தேன். காற்சட்டையின் இரண்டு முழங்கால்கள் மட்டும் நனைந்திருந்தன.